வேலையும் நாற்காலியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



எனக்கு முன் பேசியவர்கள் லட்சியம் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் நாற்காலி பற்றிப் பேசுகிறேன். சிரிக்காதீர்கள். என் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் இடுப்பில் பெல்ட் கட்டி வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

முதல் வேலைக்கு ஒரு பக்க பயோடேட்டா போதும். இப்போது இன்டர்வியூவில் எதிர்ப்பக்கம் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொழுதுபோக்கு பற்றி நாங்கள் படிப்பதே இல்லை. புராஜெக்டில் நீங்களே கையால் செய்தது என்ன என்றுதான் தேடுகிறோம். காசு கொடுத்து வாங்கின புராஜெக்ட் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துபோகும்.

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பெரும்பாலோர் "நோ சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். கேளுங்கப்பா! ஷிப்ட் எப்படி மாறும்? கம்பெனி பஸ் உண்டா? எட்டு மணி நேரமும் நின்றே செய்யும் வேலையா? மாதம் கையில் என்ன வரும்? சி.டி.சி. என்று சொல்லும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நிற்பதை ஏன் கேட்கச் சொன்னேன்? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே, நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார இருக்கை வேண்டும் என்று 44வது பிரிவில் சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த இருக்கை தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்தில் ஏறியது. எங்கள் அசெம்பிளி லைனில் எல்லோருக்கும் ஒரே உயர மேசை. உயரமானவர் குனிவார், குட்டையானவர் தோளைத் தூக்குவார். சாதாரண வேலைக்கு மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பளுவான வேலைக்குச் சற்றுக் கீழே. பழைய பேக்கிங் மரத்தை அறுத்துச் சில மேசைகளுக்கு அடியில் கட்டை கொடுத்தோம், சிலருக்கு நிற்கப் பலகை போட்டோம். வேறு செலவில்லை. தோள் வலி என்று லீவு கேட்பது குறைந்தது. மேனேஜருக்கு அதற்குப் பிறகுதான் நம்பிக்கை வந்தது!

லேப்டாப்காரர்களுக்கும் ஒன்று. அதில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கழுத்து வளையும், இல்லையென்றால் கை தூக்கும். தனிக் கீபோர்டு ஒன்று வாங்கிக்கொண்டு, லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு ஏற்றுங்கள். நம் செமஸ்டர் புத்தகங்கள் நான்கை அடுக்கினால் சரியாக இருக்கும். அவற்றுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிராயிங் ஹாலில் இருப்பேன். பயோடேட்டா வைத்திருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். சிவப்புப் பேனா என்னிடம் இருக்கிறது.