புகையிலை மருந்தா?



புகையிலை கெட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை மருந்து என்று நம்புகிறவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். பல் வலியா? புகையிலையை அடக்கிக் கொள். வயிறு உப்புசமா? கொஞ்சம் போட்டுக் கொள். இப்படிச் சொல்வார்கள்.

இது பழைய நம்பிக்கை. 1560ஆம் ஆண்டு வாக்கில் நிக்கோ என்ற பிரெஞ்சுத் தூதர் புகையிலையை மருந்து என்று சொல்லித் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். புகையிலையில் உள்ள நிகோடின் என்ற நஞ்சுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மகாராஷ்டிராவில் ‘மிஷ்ரி’ என்று ஒரு பொடி உண்டு. புகையிலையைக் கருக வறுத்துப் பொடிப்பார்கள். விரலால் தொட்டுப் பல்லில் தேய்ப்பார்கள். பெண்களே அதிகம் தேய்க்கிறார்கள்.

அங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சிறுமிக்குப் பல் வலி. பாட்டி மிஷ்ரி கொடுக்கிறாள். வலி அடங்குகிறது. ஆண்டுகள் போகின்றன. இப்போது அவளுக்கே பிள்ளைகள் உண்டு. நாளைக்கு நாலு தடவை தேய்க்கிறாள். தேய்க்காவிட்டால் தலை வலிக்கிறது. காலைக்கடன் கழிவதில்லை. எரிச்சல் வருகிறது. தேய்த்ததும் எல்லாம் சரியாகிறது.

அப்படியானால் அது மருந்துதானே?

இல்லை. நிகோடின் வலியைக் கொஞ்ச நேரம் மந்தமாக்கும். சொத்தைப் பல் சொத்தையாகவே இருக்கும். பிறகு வந்த தலைவலி? அது புகையிலை கொடுத்த தலைவலி. உடம்பு நிகோடினுக்கு அடிமையாகிவிட்டது. கிடைக்காதபோது தவிக்கிறது. தானே கொடுத்த நோயைத் தானே தணிப்பது மருந்தாகுமா?

புகையிலை வாயில் புற்றுநோயை உண்டாக்கும். கர்ப்பிணி தேய்த்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். அதனால்தான் பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 1992இல் அரசு தடை செய்தது. ஆனாலும் 2016-17 கணக்கெடுப்பில், 100 பெரியவர்களில் 21 பேர் புகையில்லாத புகையிலையைப் பயன்படுத்தியது தெரிந்தது.

விட முடியுமா? முடியும். முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். சில வாரங்களில் அந்தத் தவிப்பு குறைந்துவிடும். உதவி வேண்டுமா? 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை.

பல் வலித்தால் வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள். அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்கிறது என்று அழும் குழந்தையின் வாயில் புகையிலையை வைக்காதீர்கள். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.