கரையிலிருந்தே புறப்படும் படகு



இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் வேலை தேடப்போவதில்லை, சொந்தமாகத் தொழில் தொடங்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மென்பொருளையோ மருந்தையோ சூரிய மின்சாரத்தையோ எடுத்துக்காட்டிப் பேசுவது வழக்கம். நான் ஒரு விளையாட்டுப் படகைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் உண்டு. அரிசி விற்பவருக்குப் பசி துணை நிற்கிறது. மருந்து விற்பவருக்கு நோய் துணை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் காற்றோடு கடலில் ஓடி மகிழ்வதற்கென்று ஒரு படகைச் செய்பவருக்கு அப்படி எந்தத் துணையும் கிடையாது. அந்தப் படகு இல்லாததால் யார் வீட்டிலும் உலை கொதிக்காமல் நிற்பதில்லை. ஆகவே, ஒரு மனிதர் ஏன் எழுந்து வெளியே வர வேண்டும் என்ற கேள்வியை அந்தத் தொழிலில் ஒரு நாளும் தள்ளிப்போட முடியாது. என் கருத்து இது: ஆளுக்கும் திறந்த வெளிக்கும் நடுவே கிடக்கும் தடைகளை எவ்வளவு தூரம் எடுத்துப்போட்டோம் என்பதைப் பொறுத்தே இத்தகைய பொருள் விலைபோகிறது. அந்த வேலை பட்டறையிலேயே தொடங்கிவிடுகிறது. செய்வது ஒருவர் பாடு, விற்பது இன்னொருவர் பாடு என்று பிரித்து வைப்பவர்கள் இரண்டிலும் தோற்கிறார்கள்.

நான் சொல்லும் படகைச் செய்தவர் ஹோபி ஆல்ட்டர். 1933இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். பதின்ம வயதில், 1950வாக்கில், லகூனா பீச்சில் இருந்த தந்தையின் வீட்டுக் கார் கொட்டகையில் பால்சா மரத்தை இழைத்து அலைச்சறுக்குப் பலகைகள் செய்யத் தொடங்கினார். 1954இல் டானா பாயின்ட்டில் கடை போட்டார். கெட்டி அடி வைத்த ஷூவை மாட்டாமலும், கடற்கரை நெடுஞ்சாலையைத் தாண்டிக் கிழக்கே போகாமலும் பிழைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அவர் முதலில் முட்டிக்கொண்ட தடை மரமே. பால்சா தென் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். கட்டைக்குக் கட்டை எடை மாறும். நல்ல கட்டை கிடைப்பது நிச்சயமில்லை. 1958இல் கோர்டன் கிளார்க் என்பவரோடு சேர்ந்து அவர் பாலியூரிதேன் ஃபோமுக்கு மாறினார். இரசாயனக் கலவையை அச்சில் ஊற்றி மூடினால் அது பொங்கி அச்சை நிரப்பும். உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். சரியாக வந்ததை நடுவே நீளவாக்கில் பிளந்து, மெல்லிய மரச்சட்டம் ஒன்றை வைத்து ஒட்டி, இழைத்து, மேலே கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்த வேண்டும். இப்படிச் செய்த பலகை இலேசாகவும் ஒன்றுபோலவும் அமைந்தது. மறு ஆண்டே ‘கிட்ஜெட்’ திரைப்படம் வெளிவந்து, கடற்கரைப் பக்கமே எட்டிப்பார்க்காத பிள்ளைகளையெல்லாம் அலைக்கு இழுத்து வந்தது. படம் வந்தது அதிர்ஷ்டம் என்று சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் கூட்டம் வந்து நின்ற நாளில் கொடுப்பதற்குப் பலகை இருந்ததே, அது அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை.

படகுக் கதையில்தான் என் வாதம் முழுமையாகத் தெரிகிறது. 1960களில் அங்கே பாய்மரப் படகு ஓட்ட வேண்டுமென்றால் துறைமுகத்தில் படகு கட்ட இடம் பிடிக்க வேண்டும். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். கூட ஓட்ட ஆள் தேட வேண்டும். படகின் அடியில் இறங்கி நிற்கும் பலகை மணலில் தட்டாத ஆழம் வேண்டும். ஆல்ட்டர் 1968இல் கொண்டுவந்த ஹோபி 14 இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. இரண்டு மெல்லிய மிதவைகள்; நடுவே இழுத்துக் கட்டிய துணித்தளம். மிதவைகளின் வெளிப்பக்கம் தட்டை, உட்பக்கம் வளைவு. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அந்த வளைவே நீரைப் பற்றிக்கொண்டு படகை வழுக்கவிடாமல் பிடிக்கும். அதனால் அடிப்பலகையே தேவைப்படவில்லை. சுக்கான்கள் மணலில் தட்டியதும் தாமே மேலே மடங்கிக்கொள்ளும். அலை உடைகிற இடத்தின் ஊடாகவே புறப்பட்டுப் போய், திரும்பி வரும்போது பாயை இறக்காமல் நேரே மணலில் ஏற்றிவிடலாம். ஒரே ஆள் போதும். இந்த ஒவ்வொரு அம்சத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். பொறியாளர் அதை வடிவமைப்பு என்பார். கடைக்காரர் வாங்குவதற்கான காரணம் என்பார். இரண்டும் ஒன்றே. மடங்கும் சுக்கான், துறைமுக வாடகையை அழித்த சுக்கான்.

இந்தப் படகு வகைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் நம்முடையது. கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல்தான் பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய மாலுமிகளின் காதில் விழுந்து, பிறகு இரட்டை மிதவைப் படகுகளுக்கெல்லாம் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. பொருள் வேறு என்பதை மறக்கக்கூடாது. நம் கட்டுமரம் கட்டைகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் பிணைத்தது. இரட்டை மிதவை அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. ஆனாலும் கடல் முன்வைத்த கணக்கு ஒன்றுதான். துறைமுகம் இல்லாத, அலை உடையும் மணற்கரையிலிருந்து எப்படிப் புறப்படுவது, எப்படித் திரும்பி ஏறுவது? நம் மீனவர்கள் கட்டைகளுக்கு நடுவே தண்ணீர் தானாக வடியும்படி விட்டார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போட்டார்கள். அவர்கள் பிழைப்புக்காகத் தீர்த்த கணக்கை ஆல்ட்டர் பொழுதுபோக்குக்காகத் தீர்த்தார். கரையையும் அலையையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே இரண்டு தீர்வும் கிட்டின.

நல்ல பொருளைச் செய்துவிட்டால் போதாதா, உலகம் தேடி வராதா என்று கேட்பீர்கள். வராது. 1876இல் நதானியேல் ஹெரெஷாஃப் என்ற பெரும் படகுச் சிற்பி ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை மிதவைப் படகை நியூயார்க் பந்தயத்தில் இறக்கினார். அது மற்றவற்றையெல்லாம் பின்னே தள்ளியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், அது தகுதி நீக்கம் செய்யப்பட்டது, அதன் பிறகு அந்த வகைப் படகுக்கே பந்தயங்களில் கதவு அடைக்கப்பட்டது. வேகத்தில் குறை இல்லை, ஆனால் ஓட இடம் கொடுப்பார் இல்லை. தொண்ணூற்றிரண்டு ஆண்டு கழித்து வந்த ஆல்ட்டர் தரப்பினர் யாருடைய கதவையும் தட்டவில்லை. தங்கள் படகுக்காகவே போட்டிகளையும், ஊருக்கு ஊர் ஓட்டுநர் குழுக்களையும் கட்டினார்கள். எல்லாப் படகும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் பணம் கூடுதலாகப் போட்டு வெல்ல வழியில்லை. கை தேர்ந்தவர் வெல்வார். வாரம் தவறாமல் கரையில் காத்திருக்கும் நாலு பேர் இருந்தால், படகு கொட்டகையில் தூசி படியாது. தூசி படியாத படகைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த படகை வாங்குகிறார். ஹோபி 14க்குப் பின் வந்த, இருவர் ஓட்டும் ஹோபி 16 சுமார் 145 கிலோ எடை. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது.

பனியிலும் இதே கதைதான் நடந்தது. 1965இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் தன் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துச் செய்த ‘ஸ்னர்ஃபர்’ பொம்மைக் கடைச் சரக்காக லட்சக்கணக்கில் விற்றது. மோகம் தணிந்ததும் அடங்கிப்போனது. ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் 1977இல் வெர்மான்ட்டில் அதே எண்ணத்தைக் கையில் எடுத்து, காலைப் பலகையோடு இறுக்கும் பிடிகளைச் சேர்த்தார். அதைவிடப் பெரிய வேலை அவருக்கு மலையடிவாரத்தில் காத்திருந்தது. பனிச்சறுக்கு நிலையங்கள் இந்தப் பலகையோடு வருபவர்களை உள்ளேயே விடவில்லை. அவர் நிர்வாகங்களிடம் நடையாக நடந்து பேசினார். 1983இல் ஸ்ட்ராட்டன் மலை அனுமதித்தது. பிறகு மற்றவையும் திறந்தன. 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் பனிப்பலகைச் சறுக்கு பதக்க விளையாட்டு. ஏற்கெனவே வந்த பொருள்தான். அதற்கு இடம் வாங்கிக்கொடுத்ததில்தான் தொழில் இருந்தது.

காப்புரிமை என்ற வேலி போதுமே என்று சட்டம் படித்தவர்கள் சொல்லலாம். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்; எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாய் பொருத்திய சறுக்குப் பலகைக்கு ஹாயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் விண்ணப்பித்து அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1965இல், நியூமன் டார்பி தன்னுடைய பாய்ப்பலகையைப் பற்றி ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் எழுதியிருந்தார். பிரிட்டனில் வழக்கு முற்றி, 1980களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கே இருந்த காப்புரிமையைச் செல்லாததாக்கியது. 1958இல் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் செய்து ஓட்டிய பாய்ப்பலகை அந்த வழக்கில் முக்கியச் சான்று. டார்பிக்கோ பொருளும் இருந்தது, அச்சில் வந்த பெயரும் இருந்தது, வியாபாரம் நிலைக்கவில்லை. முதலில் கண்டதும், எழுத்தில் பதிந்ததும், ஊரைக் கூட்டி ஓட வைத்ததும் வேறு வேறு காரியங்கள். அவற்றில் மூன்றாவதைத் திருடிக்கொண்டு போவது எளிதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நான் மிகவும் மதிப்பதும் அதையே. இது செல்வம் கொழித்த கலிஃபோர்னியாவின் கதை, கடலைப் பிழைப்பாகக் கொண்ட நாட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்பது அது. வெளி என்பது ஒருபோதும் காலியிடமில்லை என்று இந்த மறுப்பு நமக்கு நினைவூட்டுகிறது. ஆல்ட்டர் கடை போட்ட டானா பாயின்ட்டிலேயே 1966இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம், அலைச்சறுக்கு வீரர்கள் கொண்டாடிய ஒரு பெரிய அலையை அலைதடுப்புச் சுவருக்குள் விழுங்கியது. நம் கரையிலோ படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தும் மணல், கருவாடு காயும் மணல் எல்லாவற்றுக்கும் உரிமையுள்ள ஊர்கள் இருக்கின்றன. விளையாட்டுக்காரரின் வசதிக்காக அவர்களைப் பின்னே தள்ளுகிற தொழில் தடையை நீக்கவில்லை. தன் தடையை இன்னொருவர் தலையில் தூக்கி வைக்கிறது. அதை நான் தொழில் என்றே மதிக்கமாட்டேன். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்களே அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அலையின் போக்கைச் சிறுவயதிலிருந்தே படித்தவர்கள் ஆசிரியராக நிற்கும்போது கரை யாரிடமிருந்தும் பறிபோவதில்லை.

இன்னொரு பொறுப்பையும் சொல்ல வேண்டும். தடையை எடுக்கும்போது காப்பும் சேர்ந்து போகலாம். யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் படகை இறக்கலாம் என்று ஆன பிறகு, உயர்ந்த அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்தியபடியே கரையில் தள்ளிக்கொண்டு போனவர்கள் மேலே சென்ற மின்கம்பியில் பட்டு உயிரிழந்தார்கள். 1980களில் பாய்மரத்தின் உச்சித்துண்டு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக்கு மாறியது. ஆல்ட்டரின் படகு நிறுவனம் 1976இலேயே கோல்மன் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது; ஆகவே இதை ஆல்ட்டரின் பொறுப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பயிற்சி இல்லாதவரை அழைக்கும் பொருளைச் செய்கிறவர், அந்தப் பயிற்சியின்மை எங்கெங்கே போய் மோதும் என்பதை விற்ற பிறகும் நடந்து பார்த்தாக வேண்டும். மின்கம்பி வரைபடத்தில் இல்லை, படகு நிறுத்தும் இடத்தில் இருந்தது.

ஓய்வே இல்லாத மக்களுக்கு ஓய்வுப் பொருள் எதற்கு என்ற கேள்வியோடு சிலர் இன்னும் இருப்பீர்கள். காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் குடும்பங்களின் கையில் தூக்குவாளி, இடுப்பில் குழந்தை, ஒரு முழு நாள் ஓய்வு. நீரோட்டம் ஆளை இழுக்கும் கடல் என்பதால் அங்கே குளிக்கத் தடை. அன்று சவுக்குக் கட்டைகளை நட்டுக் காவலர்கள் வேலி கட்டியிருப்பார்கள். அந்த வேலி அவசியமானது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு இந்தப் பக்கம் புடவையில் நிற்கும் அறுபது வயதுப் பெண்மணிக்கும் அவருடைய பேத்திக்கும் அந்தக் கடலின் இன்பத்தை ஆபத்தில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரு பொருளை நாம் இன்னும் செய்யவில்லை. அது மிதப்பதா, மணலில் ஓடுவதா, காற்றில் பறப்பதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அந்த வேலியருகே மதியம் தொடங்கி விளக்கு ஏற்றும் நேரம் வரை நில்லுங்கள். அவர் எந்த இடம் வரை நடந்து வருகிறார், எங்கே தயங்குகிறார், பேத்தியின் கையை எப்போது இறுக்கிப் பிடிக்கிறார், திரும்பும்போது எத்தனை முறை பின்னால் பார்க்கிறார் என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.