வட்டியும் வாழ்வும்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பணத்தைப் பற்றி ஏதேனும் பேச வேண்டுமென்று சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பனியன் தொழிலால் உலகறிந்த திருப்பூரில் பணத்தைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆதலின் யாம் புதிதாக ஒன்றும் கூறப் புகாமல், ஒரு நாவலின் கதையை உங்கள் முன் வைத்து, அதனின்று நாம் கொள்ளத்தக்கது யாதென ஆராயலாம் என்று கருதினோம்.

சென்னையில் 1906இல் பிறந்து, மைசூரில் நெடுங்காலம் வாழ்ந்து, 2001இல் மறைந்த ஆர். கே. நாராயண் அவர்களைப் பலரும் அறிவீர்கள். தமிழ்க் குடும்பத்தவராகிய அவர் ஆங்கிலத்திலேயே எழுதினார். மால்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்து, அவ்வூர் மாந்தரைக் கொண்டே நாவல் பல இயற்றினார். அவற்றுள் ஒன்று 1952இல் வெளிவந்த 'தி பைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'. 'பண விவகார நிபுணர்' என்று அதனைத் தமிழில் கூறலாம்.

கதாநாயகரின் இயற்பெயர் கிருஷ்ணன். ஊரார் இட்ட பெயர் மார்கய்யா. அதாவது மார்க்கம் காட்டுபவர். மால்குடியில் உள்ள கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஓர் ஆலமரம். அதன் நிழலில் ஒரு தகரப் பெட்டி. பெட்டியுள் கடன் விண்ணப்பத் தாள்கள், மைப்புட்டி, ஒரு கணக்குப் புத்தகம். அவருடைய தொழிற்கூடம் இவ்வளவே. எழுத்தறியாக் குடியானவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். எவனுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும், எவன் நிலம் எத்தன்மைத்து, எவன் சொன்ன சொல் தவறாதவன் என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். வங்கியின் காரியதரிசிக்கும் சேவகனுக்கும் அவர் கண்ணில் விழுந்த துரும்பு. ஆயினும் அவரிடம் ஒரு மெய்யான அறிவு இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. கடன் கொள்வோரை முகம் பார்த்து அறிந்த அறிவு அது.

ஒரு நாள் அவருடைய சிறு மகன் பாலு, விளையாட்டாகக் கணக்குப் புத்தகத்தைச் சாக்கடையில் எறிந்துவிட்டான். ஆலமரத்து வியாபாரம் அன்றோடு முடிந்தது. பின்னர்க் கோயில் அர்ச்சகர் சொற்படி நாற்பது நாள் இலக்குமி பூசை நடந்தது. பூசைக்குச் செந்தாமரை தேடிச் சென்றவிடத்து டாக்டர் பால் என்பவரின் நட்பு வாய்த்தது. அவர் தந்த ஒரு கையெழுத்துப் பிரதி, வீட்டில் பலர் முன் எடுத்துப் படிக்கக் கூசும் பொருளுடையது. 'இல்லற இசைவு' என்னும் கருத்தமைந்த கண்ணியமான பெயரோடு அச்சேறிய அந்நூலால் செல்வம் குவிந்தது. செல்வம் வந்தபின் அதன் பிறப்பிடத்தை நினைக்க மார்கய்யாவுக்கே கூச்சமாயிற்று. தம் பங்கை விற்றுவிட்டு மறுபடி வட்டித் தொழிலுக்கு வந்தார்.

இம்முறை மரத்தடியில் அன்று, கடைவீதியில். கடன் கொடுப்பதை விட்டு, ஊராரின் பணத்தை வைப்பாக வாங்கத் தொடங்கினார். நூற்றுக்கு இருபது வட்டி! இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கணக்கில் காட்ட முடியாத பணம் வைத்திருந்தோர் பலரும் அவரைத் தேடி வந்தனர். வீட்டில் மூட்டை மூட்டையாகப் பணம். வட்டி எங்கிருந்து வந்தது? இன்று வருபவன் கொணர்ந்த முதலே நேற்று வந்தவனுக்கு வட்டியாயிற்று. இறுதியில், தம் மகனைத் தீய வழியில் செலுத்திய டாக்டர் பாலை மார்கய்யா அடித்துவிட, அவர் ஊரில் ஒரு வதந்தியைக் கிளப்பினார். அவ்வளவே, மக்கள் தம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாசலில் குவிந்தனர். எல்லாம் போயிற்று.

நிற்க. இக்கதையைப் பேராசைக்குத் தண்டனை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எமக்கு வேறொன்று தோன்றுகிறது. மரத்தடியில் இருந்த மார்கய்யாவும் ஆசையுடையவரே. அன்று அவர் விழவில்லை, பின்னர் விழுந்தார். வேறுபாடு யாது? அன்று அவர் விற்றது தாம் பிறரைப் பற்றி அறிந்திருந்த அறிவு. பின்னர் அவர் விற்றது பிறர் தம்மீது வைத்திருந்த பெயர். அறிவு கொடுக்கக் கொடுக்கக் குறைவதன்று. பெயரோ ஒருமுறை செலவானால் மீளாதது.

இதனைத் திருப்பூரார் உணர்வது போல் பிறர் உணர்தல் அரிது. நம் ஊர்த் தொழிலின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூல் ஒருவரிடம், நிட்டிங் ஒருவரிடம், சாயப்பட்டறை வேறொருவரிடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் ஒவ்வொன்றும் வேறு வேறு கைகளில். நூல் கடனாக வரும். ஜாப் ஒர்க் செய்தவருக்குக் கூலி வாரங்கள் கழித்து வரும். இங்கே ஒவ்வொருவரும் ஒருவருக்குக் கடன் கொடுத்தவர், மற்றொருவருக்குக் கடன்பட்டவர். தோட்டத்திலும் பட்டறையிலும் உழைத்தவர் பலர் இத்தகைய நம்பிக்கையின் துணையால் முதலாளிகளான வரலாற்றை ஷராத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார். நொய்யல் மாசின் காரணமாக 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஒரு கண்ணி நின்றதால் சங்கிலி முழுவதும் தடுமாறியதை நாம் கண்டோம். ஆகவே, நம் ஊரின் பெருமூலதனம் எந்திரம் அன்று, கட்டடம் அன்று. 'இன்னார் சொன்னால் சரியாக இருக்கும்' என்னும் அந்த ஒரு வாக்கியமே.

அவ்வாக்கியத்தைத்தான் மார்கய்யா போன்றோர் விலைக்குக் கேட்கின்றனர். அந்நியச் செலாவணி வணிகம் என்று கூறித் திருப்பூரில் வைப்புத்தொகை திரட்டிய பாசி நிறுவனம் 2009இல் வீழ்ந்ததையும், ஏறத்தாழ 930 கோடி ரூபாய் பற்றிய அவ்வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்ததையும் செய்தித்தாள்களில் படித்தோம். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியை நம்பிப் பணமிட்டோர் பட்ட பாடும் மறக்கத்தக்கதன்று. 13 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு நீதிக்குப் பெருமை. அதற்குள் மகளின் திருமணத்துக்கு வைத்த பணம் எங்கே என்று கேட்ட தாய்க்கு அதனால் என்ன ஆறுதல்?

அன்பர்களே! இத்தகைய திட்டங்கள் அயலார் வாயிலாக நம் வீட்டுக்குள் வருவதில்லை. பெரும்பாலும் நம்மவர் ஒருவரே வருகிறார். மாமன் என்றும் பங்காளி என்றும் உரிமையோடு வந்து, திண்ணையில் அமர்ந்து, காப்பி அருந்தி, "நானும் போட்டிருக்கிறேன்" என்கிறார். அவர் பொய்யர் என்று யாம் சொல்லவில்லை. அவரும் ஏமாறியவராகவே இருக்கலாம். ஆயினும், உறவின் பெயரால் கேட்கும்போது கணக்குக் கேட்க நா எழுவதில்லை. அங்கேதான் கேடு தொடங்குகிறது.

கணக்கோ மிக எளிது. நூற்றுக்கு இருபது வட்டி என்றால், ஒரு லட்சம் நான்கு ஆண்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். பத்து ஆண்டில் ஆறு லட்சத்தைத் தாண்டும். எத்தொழில் ஆண்டு தவறாமல் இவ்வளவு ஈட்டித் தரும்? பனியன் கம்பெனி நடத்தும் நீங்களே சொல்லுங்கள். உங்கள் தொழிலில் கிடைக்காத இலாபம், தொழில் இன்னதென்று சொல்லத் தயங்குபவனுக்கு எவ்வாறு கிடைக்கும்?

சட்டம் ஒருபுறம் துணை நிற்கிறது. 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் பல வீழ்ந்தபின், வைப்பீட்டாளர் நலனைக் காக்க 1997இல் மாநிலச் சட்டம் வந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அறவே தடை செய்தது. உறவினரிடம் பெறும் கடனையும் தொழிலில் நடக்கும் கடன்வரத்தையும் அது தடுக்கவில்லை. வங்கி வைப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2020 முதல் உண்டு. இவற்றைப் பெண்மக்களும் அறிந்திருத்தல் நன்று; சீட்டும் சேமிப்பும் பல வீடுகளில் அவர்கள் கையிலேயே உள்ளன.

சட்டம் செய்ய இயலாததைச் சங்கம் செய்யலாம். எமது விண்ணப்பம் இது: நம் சங்க மேடையிலோ இப்பத்திரிகையிலோ எந்த வைப்புத் திட்டத்தையும் புகழ்ந்து ஒரு சொல்லும் வரலாகாது, எத்துணை நன்கொடை அளிப்பவரது திட்டமாயினும் விளம்பரமும் கூடாது. உறுப்பினர் முகவரிப் புத்தகம் எவர் கையிலும் பணம் திரட்டும் கருவியாதல் ஆகாது. இதனைத் தீர்மானமாக்குமாறு நிர்வாகத்தாரை வேண்டுகிறோம். இதனால் சிலர் மனத்தாங்கல் கொள்ளலாம். மனத்தாங்கல் ஆறும், போன முதல் திரும்பாது.

இன்னொன்று, பிள்ளைகளைப் பற்றியது. மார்கய்யா எல்லாம் பாலுவுக்காகவே சேர்த்தார். ஆயினும் பாலுவுக்கு அவர் பணத்தைக் காட்டினாரேயன்றி, பணம் வரும் வழியைக் காட்டவில்லை. ஊருக்கு வழிகாட்டியவர் மகனுக்கு வழிகாட்டத் தவறினார். நம் பிள்ளைகள் கார் சாவியைப் பெறுமுன் கணக்கு ஏட்டைப் பெறட்டும். ஒரு மாதமாவது தையல் மேசையருகில் நின்று, ஒரு பனியனுக்கு நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்று எழுதிப் பார்க்கட்டும். அப்பிள்ளையை இருபது வட்டிக்காரன் ஏமாற்ற மாட்டான்.

எல்லாம் இழந்த மார்கய்யா இறுதியில் என்ன செய்தார் தெரியுமா? பழைய தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குச் செல்லுமாறு மகனிடம் கூறினார். ஊரார் என்ன சொல்வார்களோ என்று மகன் தயங்கினான். அவ்வாறாயின் தாமே போவதாகச் சொல்லிவிட்டு, விளையாடுவதற்குப் பேரக்குழந்தையைக் கொண்டுவரச் சொன்னார். திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு மரநிழலும், செய்யத் தெரிந்த ஒரு தொழிலும் எஞ்சியிருந்தன. நம்மவர் ஒவ்வொருவருக்கும் அவை என்றும் எஞ்சியிருக்கச் சங்கம் காவல் நிற்குமாக.