நீர்மூழ்கி மோட்டார்: கேபிள் இணைப்புப் பழுதைக் கண்டறிவதும் சரிசெய்வதும்



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவர் மோட்டார் கேபிளைப் பற்றிப் பேசுகிறாரே என்று எண்ண வேண்டாம். நிலக்கடலையில் விழுது இறங்கும் பருவம், மக்காச்சோளத்தில் பூக்கும் பருவம், நெல்லில் கதிர் உருவாகும் பருவம் ஆகியவற்றில் தண்ணீர் தவறினால், பின்னர் எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த மகசூல் திரும்பாது. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் நின்றதும் "காயில் போய்விட்டது" என்று முடிவு கட்டி, மோட்டாரைத் தூக்கிக் கடைக்கு அனுப்புகிறோம். அங்கே பிரித்துப் பார்த்தால் காயில் நன்றாக இருக்கும்; கேபிள் இணைப்பில்தான் கோளாறு இருந்திருக்கும். அதற்குள் பயிர் வாடிவிடும்.

முதலில் பாதுகாப்பு. கரண்ட் இல்லாத நேரம்தானே என்று ஸ்டார்ட்டரில் கை வைக்கக் கூடாது. ஆட்டோ சுவிட்சும் கைப்பேசி ஸ்டார்ட்டரும் உள்ள இடங்களில், மும்முனை மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ்களையும் கழற்றி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனைகளையும் டெஸ்டரால் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். வேலை தெரிந்த ஒயர்மேன் உடனிருப்பது அவசியம்.

அடுத்து, ஸ்டார்ட்டர் முனைகளைப் பாருங்கள். திருகு தளர்ந்திருந்தால் அவ்விடம் சூடேறிக் கருகியிருக்கும்; மேலுறை உருகியிருக்கும். கருகிய பகுதியை வெட்டி நீக்கி, கம்பியைப் பளபளப்பாகச் சுரண்டி, இறுக்கிப் பொருத்துங்கள். அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்தால் அவ்விடம் அரித்துவிடும். அதற்கென விற்கும் இணைப்பியையே பயன்படுத்த வேண்டும்.

மேலே குறை இல்லையென்றால், மோட்டாரைத் தூக்குவதற்கு முன் இரு சோதனைகள் செய்ய வேண்டும். இவை மூன்று கம்பி மட்டும் கீழே செல்லும் மோட்டார்களுக்கு உரியவை. கேபிளை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றிய பிறகே இவற்றைச் செய்யலாம்.

முதலாவது, மல்டிமீட்டர் சோதனை. சிவப்பு–மஞ்சள், மஞ்சள்–நீலம், நீலம்–சிவப்பு என மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்பி அறுபடவில்லை. இரண்டு ஜோடிகளில் தொடர்பே இல்லாமல், ஒரு ஜோடி மட்டும் சரியாகக் காட்டினால், அந்த இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவான கம்பியின் வழி அறுந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, மஞ்சள்–நீலம் மட்டும் சரியாக இருந்தால் சிவப்பில்தான் குறை.

இரண்டாவது, 500 வோல்ட் மெக்கர் சோதனை. ஒரு முனையைக் கேபிள் கம்பியிலும் மறு முனையை எர்த் கம்பியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் ஈரம் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது மோட்டாரைத் தூக்கத்தான் வேண்டும்.

தூக்கும்போது கேபிளை இழுக்காதீர்கள். குழாயைப் பிடித்தே தூக்குங்கள். கேபிள் உராய்ந்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் பழைய இணைப்பை வெட்டி, மோட்டாரையும் கேபிளையும் தனித்தனியே மெக்கரில் பாருங்கள். இரு நுனிகளும் வெளியே இருக்கும்படி கேபிளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, தண்ணீரில் நிறுத்திய இரும்புக் கம்பிக்கும் கேபிளுக்கும் இடையே சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் அகப்பட்டுவிடும். மோட்டார் நன்றாக இருந்தால் ரீவைண்டிங் செலவு மிச்சம்.

புது இணைப்புப் போடும் முறையைக் கவனியுங்கள். மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், ஒவ்வொன்றும் 2 அங்குலம் தள்ளி வரும்படி வெட்டுங்கள். அப்போது இணைப்புகள் ஒன்றையொன்று தொடா. செம்புக் குழல் போட்டு அழுத்தியோ, முறுக்கிப் பற்றவைத்தோ சேர்க்கலாம். கை, கேபிள் இரண்டிலும் ஈரமும் எண்ணெயும் இருக்கலாகாது. ரப்பர் டேப்பை நன்கு இழுத்து, முன் சுற்றின் பாதியை மூடும்படி, மேலுறைமீது 2 அங்குலம் ஏறுமாறு இரண்டு அடுக்குகள் சுற்றுங்கள். அதன்மேல் பி.வி.சி. டேப் சுற்றுங்கள். பி.வி.சி. டேப் மட்டும் போட்டால் தண்ணீர் புகுந்துவிடும்.

இணைப்பை இறக்குவதற்கு முன் வாளித் தண்ணீரில் சில மணி நேரம் மூழ்கவைத்து மெக்கரில் பாருங்கள். இந்த ஒரு சோதனையைத் தவிர்ப்பதால்தான் இரண்டாம் முறை தூக்க நேரிடுகிறது. இறக்கும்போது சுமார் 3 மீட்டருக்கு ஒரு கட்டு வீதம் கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள். இணைப்பின்மீது கட்டுப் போடாமல், அவ்விடத்தில் கேபிளைச் சற்றுத் தளர்வாக விடுங்கள்.

ஓடவிட்டதும் தண்ணீர் குறைவாக வந்தால், மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரில் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் சரியாகும்.

சாகுபடி தொடங்கும் முன் ஒரு முறை மெக்கர் அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த அளவு பட்டத்துக்குப் பட்டம் குறைந்து வந்தால், பயிர் இல்லாத நாளிலேயே மோட்டாரைத் தூக்கி இணைப்பைப் புதுப்பித்துவிடலாம். கதிர் உருவாகும் வேளையில் தண்ணீருக்குத் தவிக்க வேண்டியிராது.