வீட்டின் இரண்டாவது கார்

கார்ப் பிரியர்கள் நாலு பேர் கூடினால், வீட்டில் இன்னொன்று என்ன நிற்கிறது என்று கேட்கும்போதுதான் பேச்சு சூடு பிடிக்கும். ஜப்பானில் அந்த இன்னொன்று பெரும்பாலும் 'கெய்' ரகக் குட்டிக் கார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி. இதைத் தாண்டக் கூடாது. வரி குறைவு, நம்பர் பிளேட் மஞ்சள்.

1979-இல் சுசுகி ஆல்ட்டோ என்ற தன் கெய் காரை 4,70,000 யென்னுக்கு விற்றது. சரக்கு வண்டி வகையில் சேர்த்ததால் ஒரு வரி மிச்சமானது. அதனால்தான் அந்த விலை. கணவர் பெரிய காரில் வேலைக்குப் போனபின், கடைக்கும் பள்ளிக்கும் போய்வரப் பெண்கள் கைக்கு ஒரு சாவி வந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 1983-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி 800 இந்த ஆல்ட்டோவின் வழிவந்ததுதான். இங்கே ஏராளமான வீடுகளுக்கு அதுவே முதல் கார்.

கெய் கார்களில் வேகப் பிரியர்கள் இன்றும் தேடுவது 1991-இல் வந்த ஹோண்டா பீட், சுசுகி கப்புச்சினோ இரண்டையும். இரண்டே இருக்கை, திறக்கும் கூரை. பீட் காரில் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால். அதுவும் அதே 660 சிசி வரம்புக்குள்!