போர்வெல்லுக்கு முன் வயலின் மட்டம்

(அறக்கட்டளையின் கடனுதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



போர்வெல் போட வட்டியில்லாக் கடன் கேட்டு இவ்வாண்டும் மனுக்கள் வந்துள்ளன. முன்பு நாங்கள் அதிகம் யோசிக்காமல் கொடுத்தோம். சாத்தூர் பக்கம் ஒரு சகோதரருக்குக் கொடுத்ததில்தான் பாடம் படித்தோம். தண்ணீர் கிடைத்தது. ஆனால் கடைமடைப் பருத்தி காய்ந்தது. தவணை கட்ட அவர் வீட்டுப் பெண்கள் பட்டாசு ஆலைக்குப் போனார்கள். தவறு எங்களுடையது. கிணற்றைப் பார்த்தோம், வயலைப் பார்க்கவில்லை.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1,03,000 லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் பாய்ச்ச, நொடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். வயல் மேடுபள்ளமாக இருந்தால் இந்தக் கணக்கும் நிற்காது. மேடு நனைவதற்குள் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும்.

நம் கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். முதல் தண்ணீரை வெடிப்பே குடித்துவிடும். அதனால் விதைப்புக்கு முன் மேலோட்டமாக ஓர் உழவு போட்டு வெடிப்பை மூடுங்கள். பார் பிடிக்கும்போது சாலுக்கு 100 அடிக்கு 2 அல்லது 3 அங்குலச் சரிவு போதும். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். நம் பள்ளிவாசல் ஹவுளுக்கு மட்டம் பார்த்ததும் அதே டியூபில்தான்! நனைந்த கரிசலில் தண்ணீர் மெல்லத்தான் இறங்கும். ஆகவே சாலில் முக்கால் தூரம் போனதும் மடையை மாற்றிவிடலாம், மிச்சத்தை ஓடிவரும் தண்ணீரே நனைத்துவிடும். தண்ணீர் குறைந்த நாளில் ஒன்றுவிட்டு ஒரு சாலில் பாய்ச்சுங்கள், அடுத்த முறை விட்ட சாலில். செவல் காட்டுக்காரர்கள் சாலைக் குட்டையாக அமைக்க வேண்டும், அங்கே தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். வத்திராயிருப்புப் பக்கம் நெல் போடுபவர்களுக்குச் சரிவே ஆகாது, சமமான வயல்தான்.

இனி முதல் கடன் வயலைச் சமப்படுத்த. வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர், புல்டோசர் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதன் பிறகும் தண்ணீர் போதாவிட்டால் போர்வெல் பற்றிப் பேசுவோம். இதில் சிலருக்கு வருத்தம் இருக்கும், தெரியும்.

அந்தச் சாத்தூர்ச் சகோதரருக்குத் தவணையை நீட்டியிருக்கிறோம். அவர் சம்மதத்தோடு முதலில் அவர் வயலில்தான், இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை லுஹருக்குப் பின் மட்டம் பார்க்கப் போகிறோம். டியூப் பிடிக்க இரண்டு பேர் தேவை.