டாக்டருக்கும் பயிற்சி இடம் வேண்டும்
(செங் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த கலப்பு மருந்தை முகம் சுளித்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இன்று நம்மைப் பிடித்திருக்கும் இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் அந்த மருந்துக்கு அடங்குமா? நிபுணரைப் பார்க்க மலாக்கா பட்டணம் போனால் ஒருநாள் பேர் போய்விடுகிறது.

டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2016 டிசம்பர் முதல் அரசாங்கம் அவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தது. நிரந்தர வேலையும் நிச்சயமில்லை. நிபுணராவதற்கான அரசாங்க உதவிச் சம்பளமும் அப்போது அவர்களுக்கு எட்டவில்லை. 2021 ஜூலை 26-ல் ஹர்த்தால் செய்தார்கள். காண்டிராக்டில் மரம் வெட்டிய நமக்கு அந்த வேதனையை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே நிபுணராகும் இணைவழிப் பயிற்சிக்கு இடமளிக்க, 2024-ல் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தைத் திருத்தியது. வரவேற்கிறோம். ஆனால் பயிற்சி பெறுபவருக்குச் சம்பளம் வேண்டும். கற்றுக்கொடுக்கும் நிபுணருக்கு நேரம் வேண்டும். இரண்டுக்கும் பணம் ஒதுக்காமல் சட்டம் மட்டும் என்ன செய்யும்? அந்த இடங்களும் கோலாலம்பூரிலேயே குவிந்தால் நமக்கென்ன லாபம்? அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் பங்கு கேட்போம்.

கிராணிமார்களே, மனுவை நீங்கள் எழுதித் தாருங்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது எங்கள் பொறுப்பு.